அழுக்குப் பக்கத்து மச்சான்

என் மனைவியின் தம்பியை யாராவது புகழ்ந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாராவது இகழ்ந்தால் அதைவிட அதிகமாகப் பற்றிக்கொண்டு வரும். இந்த இரண்டு எரிச்சலோடும்தான் அவனைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

அவன் குழந்தைகள் மருத்துவமனையில் சலவைப் பிரிவில் வேலை பார்க்கிறான். கட்டிடத்துக்கு அடியில், ஜன்னல் என்று ஒன்று இல்லாத நீளமான கூடம். நடுவில் சுவர் எழுப்பி அதை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஆள் உயர இயந்திரங்கள் அந்தச் சுவரிலேயே பொருத்தப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இந்தப் பக்கம் ஒரு கதவு, அந்தப் பக்கம் ஒரு கதவு. வார்டிலிருந்து வருகிற துணி ஒரு பக்கம் உள்ளே போகும். கொதித்து, வெளுத்து, மறு பக்கம் வெளியே வரும். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காது. துணி உள்ளே போகிற பக்கத்துக்கு அழுக்குப் பக்கம் என்று பெயர், வெளியே வருகிற பக்கத்துக்குச் சுத்தப் பக்கம். அழுக்குப் பக்கத்தில் நிற்பவர் குளித்து உடை மாற்றாமல் சுத்தப் பக்கம் வரக்கூடாது. அதனால் வாரம் மாற்றி வாரம் ஆட்களை மாற்றுவார்கள். ஒரு வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டால் மறு வாரம் வெந்நீர் வாசனையோடு போர்வை மடிக்கலாம்.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டால், "கை எப்பவும் ப்ளீச்சிங் வாடை அடிக்குது அத்தான், எவ பிடிப்பா?" என்பான். எங்களோடுதான் இருந்தான். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு சமையலறை, ஒரு கழிப்பறை. ஒரு அறை எனக்கும் மனைவிக்கும் பாப்பாவுக்கும். இன்னொன்றில் அவன், அவனுடைய மடித்த சட்டைகள், என் மனைவியின் தையல் மிஷின். பாப்பாவுக்கு மூன்று வயது. மாமா வேலையிலிருந்து வந்ததும் அவன் முதுகில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவாள். துண்டை மடித்து முயல், வாத்து, யானை எல்லாம் செய்து காட்டுவான். யானையைப் பார்த்தால் எனக்கு மூட்டை மாதிரிதான் தெரியும், அவளுக்கு யானையாகவே தெரிந்தது.

நான் டிரைவிங் ஸ்கூலில் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். கற்றுக்கொள்பவர் பக்கத்தில், காலடியில் எனக்கென்று இன்னொரு பிரேக்கோடு உட்கார்ந்திருப்பேன். எதிரே வருகிற ஆளையும் நம்பக்கூடாது, பக்கத்தில் ஓட்டுகிற ஆளையும் நம்பக்கூடாது என்பது என் பிழைப்பு. வீட்டிலும் அப்படியே இருப்பதாக என் மனைவி அடிக்கடி சொல்வாள்.

அவனுக்கு அந்தச் சமயத்தில் ஒரு ஹோட்டலில் வேலை அமைந்தது. அதுவும் சலவைதான், ஆனால் தரைத் தளத்தில், சாலையைப் பார்த்த ஜன்னல்களோடு. போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று வேறு எதையும் பேசவில்லை. "இஸ்திரி போடற இடத்துல வெயில் விழுது அத்தான்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ராஜினாமாக் கடிதம் எழுதி என்னிடம் கொடுத்து, பிழை பார்க்கச் சொன்னான். நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ரத்தச் சோதனை வந்து கெடுத்தது.

குழந்தைகளுக்குக் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் போட்டுக் காய்ச்சல் வருமே, அந்த நோய். பெரும்பாலும் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். எப்போதாவது, எங்கேயாவது, சில குழந்தைகளுக்கு மூளைவரை ஏறிவிடும். அதைக் கொண்டுவருவது குடலில் தங்குகிற ஒரு வைரஸ். பெயர் ஒன்றுதான், ஆனால் உள்ளுக்குள் பல வகை. ஒரு வகை வந்து ஓய்ந்த பிறகு, கொஞ்சம் உருவம் மாறிய இன்னொரு வகை அதே பெயரில் வந்து நிற்கும். வேறொரு நாட்டில் புதிதாக ஒரு வகை பரவுகிறது என்று செய்தி வந்ததும், மருத்துவமனை ஆய்வகத்தில் இருக்கும் மேடம் ஊழியர்கள் எல்லோரிடமும் ரத்தம் எடுத்தார். பழைய வகைகளுக்கு உடம்பு உண்டாக்கி வைத்திருக்கிற எதிர்ப்பொருள், ஆன்டிபாடி என்பார்களே, அது புதிய வகையையும் தடுக்குமா என்பது அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

சோதனையை மச்சான் எனக்கு விளக்கியது இப்படி: சின்னச் சின்னக் குழிகள் உள்ள ஒரு தட்டு. குழிக்குள் உயிருள்ள செல்கள். ரத்தத்தைத் தெளியவைத்து மேலே நிற்கிற மஞ்சள் நீரை வைரஸோடு கலந்து அந்தக் குழியில் விடுவார்கள். செல்கள் செத்தால் அந்த ரத்தம் அந்த வகையைத் தடுக்கவில்லை. பிழைத்துக் கிடந்தால் தடுத்துவிட்டது. பிறகு நீரைப் பாதியாக நீர்க்கவைத்து மறுபடியும், அதையும் பாதியாக்கி மறுபடியும். குளிர்பெட்டியில் பல வருடங்களாகப் பல இடங்களிலிருந்து சேர்த்து வைத்திருந்த வகைகள் அத்தனையோடும் இப்படியே மோதவிட்டார்கள்.

மற்றவர்கள் ரத்தம் ஒன்று இரண்டு வகையைத் தடுத்து, மீதியிடம் தோற்றுப்போனது. இவனுடையது எதனிடமும் தோற்கவில்லை. எவ்வளவு நீர்க்கவைத்தும் தாங்கியது. மேடம் அவனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்துச் சொன்னாராம். அந்த மருத்துவமனையில் அவனை யாரும் உட்காரச் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பொதுவா ஒரு வகைக்கு உண்டான ஆன்டிபாடி அந்த வகையத்தான் பிடிக்கும். உருவம் மாறி வந்தா விட்டுடும். உங்களுது எதையும் விடல. நீங்க பார்த்தே இருக்க முடியாத புது வகையக்கூட விடல."

"அது எப்படி மேடம்?"

"இத்தனை வருஷமா வார்டு துணிய எடுத்துட்டு இருக்கீங்க. ஒவ்வொன்னும் உங்களத் தொட்டுட்டுப் போயிருக்கும். எல்லாத்துக்கும் பொதுவா ஒரு அடையாளம் இருக்கும்ல, அத உங்க உடம்பு கத்துக்கிட்டு இருக்கலாம். அது என்னன்னுதான் நாங்களும் தேடறோம். இப்போதைக்கு அந்த வைரஸ் உங்கள ஒன்னும் செய்யாது."

வீட்டுக்கு வந்தபோது அவனுக்குத் தலைகால் புரியவில்லை. ராஜினாமாக் கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி நாலாக மடித்தான். "அத்தான், எனக்குள்ள இப்படி ஒன்னு இருந்திருக்கு பாருங்க" என்றான். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்ச், வேலையில் பாதாள அறை, வீட்டில் தையல் மிஷினுக்குப் பக்கத்துப் பாய். அப்படிப்பட்டவனிடம் உன் ரத்தம் உசத்தி என்று சொன்னால் வெயிலாவது ஜன்னலாவது. அதன்பிறகு ஆய்வகத்தில் அந்தச் சோதனை நடக்கும்போதெல்லாம் ஒவ்வொரு தட்டிலும் ஒரு வரிசை அவன் ரத்தத்துக்கு ஒதுக்கினார்கள். மற்றவர்களுடையது எவ்வளவு தாங்குகிறது என்பதை அதோடு ஒப்பிட்டுத்தான் சொல்வார்கள். அங்கிருந்த பெண்கள் அவனுக்குக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள். எடுத்து வைத்த ரத்தம் தீரும்போதெல்லாம் கூப்பிடுவார்கள், இவனும் தலையைச் சீவிக்கொண்டு போவான்.

என் மனைவி மாடிப்படியில் ஏறும்போதும் இறங்கும்போதும் தம்பி புராணம்தான். கீழ்வீட்டுக்காரி தன் கைக்குழந்தையை இவன் மடியில் கொஞ்ச நேரம் போட்டுவிட்டுப் போவாள், ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொள்ளட்டும் என்று. நான் சிரித்தால் என்னை முறைப்பார்கள்.

மருத்துவமனை நிர்வாகமும் யோசித்தது. புதிய வகை எங்கள் ஊருக்கும் வந்து, தனி வார்டு திறந்ததும், அங்கிருந்து வருகிற துணியைத் தொட யாரும் முன்வரவில்லை. சுத்தப் பக்கத்தில் மடிக்கிற அக்கா ஒருத்தி இருந்தாள். வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். என்னால் முடியாது என்று அழுதிருக்கிறாள். கண்காணிப்பாளர் மச்சானின் தோளில் கைபோட்டு, "உனக்குத்தான் ஒன்னும் ஆகாதேப்பா" என்றார். அன்றோடு வாரம் மாற்றி வாரம் போனது. நல்ல ரத்தத்துக்குப் பரிசாக அவனை நிரந்தரமாக அழுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். அதற்கும் பூரித்துப்போனான்.

காய்ச்சல் வேகமாகப் பரவியது. பாப்பா பகலில் போகிற குழந்தைகள் காப்பகத்தை மூடினார்கள். டிரைவிங் ஸ்கூலையும் மூடினார்கள். நாங்கள் மூன்று பேரும் வீட்டுக்குள் அடைந்தோம். காற்றில் வருகிற நோய் இல்லை என்று தெரிந்தும் என் மனைவி ஜன்னலைச் சாத்தினாள். பாப்பா கதவுப் பிடியில் தொங்கிக்கொண்டு "வெளிய" என்று நாளெல்லாம் அழுதாள். நான் சுவருக்குச் சுவர் நடந்தேன். தையல் மிஷின் சத்தம் கேட்டால் எரிச்சல், நின்றால் அதைவிட எரிச்சல். இவன் ஒருவன்தான் வெளியே போய்வந்தான். அரிசி, பால், பாப்பாவின் பிஸ்கட் எல்லாம் அவன் கையால். உனக்குத்தான் ஒன்றும் ஆகாதே என்று நாங்களும் சொன்னோம்.

ஒருநாள் மட்டும் கேட்டேன். அவன் பாப்பாவுக்குப் பழம் உரித்து ஊட்டிக்கொண்டிருந்தான்.

"மச்சான், நீ அங்க இருந்து எதையாவது வீட்டுக்குக் கொண்டு வந்துட்டா?"

"குளிச்சு, துணி மாத்திட்டுத்தான் வரேன் அத்தான். என்கிட்ட வந்தா அது செத்துடும். தட்டுல நானே பாத்தேன்."

"அவளுக்குப் போன வருஷமே வந்துட்டுப் போயிடுச்சுங்க. வந்தது திரும்ப வராது" என்றாள் மனைவி. "நீங்க சும்மா இருங்க. எதிர்ல லாரி வர்ற மாதிரியே எப்பவும் பார்க்காதீங்க."

அதில் எல்லோருமே அவரவருக்குத் தெரிந்ததைத்தான் சொன்னோம். தட்டில் அவன் பார்த்தது பொய் இல்லை. பாப்பாவுக்குப் போன வருடம் கொப்புளம் போட்டதும் பொய் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம் அவளுக்கு உடம்பு சுட்டது. உள்ளங்கையில் சிவந்த புள்ளிகள். போன தடவைபோலத்தான் என்று கஞ்சி கொடுத்துப் படுக்கவைத்தோம். தூங்கும்போது உடம்பு திடீரென்று தூக்கிப்போட்டது. கெட்ட கனவு என்றாள் மனைவி. மறுபடியும் தூக்கிப்போட்டது. வேலை முடிந்து அப்போதுதான் வந்த மச்சான் வாசலில் நின்று அதைப் பார்த்தான். தனி வார்டில் இப்படித்தான் ஆரம்பிக்கும் என்று அவன் கேட்டிருக்கிறான். அவளைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினான், செருப்புகூடப் போடாமல். நாங்கள் பின்னால் ஓடினோம்.

வார்டில் பாப்பாவைக் குழாய்களுக்கு நடுவில் கிடத்தினார்கள். ஒருவர்தான் உள்ளே இருக்கலாம் என்று மனைவியை மட்டும் விட்டார்கள். நானும் அவனும் நடைபாதை பெஞ்சில். அவன் சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு உட்கார்ந்திருந்தான். வெள்ளைக் கோட்டு போட்டு யார் கடந்துபோனாலும் எழுந்து நின்று கையை நீட்டினான்.

"என் ரத்தம் எல்லாத்தையும் நிறுத்தும் டாக்டர். லேப்ல கேட்டுப் பாருங்க. எவ்வளவு வேணும்னாலும் எடுத்துக்குங்க."

அப்படி ஒருவர் ரத்தத்தை நேராக ஒரு குழந்தைக்கு ஏற்ற முடியாது என்று ஒரு டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பல பேர் ரத்தத்திலிருந்து பிரித்து, சுத்தம் செய்து, சோதித்த மருந்து ஒன்று இருக்கிறது, அதைத்தான் ஏற்றிக்கொண்டிருக்கிறோம் என்றார். இவன் தலையாட்டினான். சுருட்டிய கையை மட்டும் இறக்கவில்லை. அந்த நேரத்தில் அவனைவிட எனக்கு யார்மேலும் பாசம் இருந்ததாக நினைவில்லை. அதனால்தான் அடுத்து நடந்தது அவ்வளவு வலித்தது.

வழக்கப்படி வீட்டில் இருந்த எல்லோருடைய மலத்தையும் சோதித்தார்கள். மேடம் எங்கள் இரண்டு பேரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். சொல்வதற்கு முன் தண்ணீர் குடித்தார்.

"பாப்பாவுக்கு வந்திருக்கிறது புது வகை. போன வருஷம் வந்தது வேற. அவ ரத்தத்துல இருந்த ஆன்டிபாடி போன வருஷத்து வகையத்தான் தடுக்குது, இத விட்டுடுச்சு." பிறகு அவனைப் பார்த்தார். "உங்க குடல்லயும் அதே வைரஸ் இருக்கு."

அவனுக்குப் புரியவில்லை. "எனக்குக் காய்ச்சலே இல்லையே மேடம்."

"வராது. உங்க ரத்தத்துல காவல் இருக்கு, உள்ள ஏற விடாது. ஆனா குடல்ல அந்த அளவுக்குக் காவல் இல்ல. அங்க தங்கி, பெருகி, வெளிய போயிட்டே இருக்கும். உங்களுக்குத் தெரியவும் தெரியாது."

"என்கிட்ட இருந்துதானா?"

"அடிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டு வைரஸோட மரபணுவையும் படிச்சுப் பார்த்தோம், ரொம்ப நெருக்கமா ஒத்துப்போகுது. உங்கள ஒன்னும் செய்யாதுன்னு நான் சொன்னேன். உங்க மூலமா போகாதுன்னு நான் சொல்லல. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கணும்."

கழிப்பறைப் பிடி, குழாய், பழம் உரித்த விரல். நான் எல்லாவற்றையும் ஒரு சுற்று நினைத்துப் பார்த்துவிட்டேன். நடைபாதைக்கு வந்ததும் அவன் சட்டையைப் பிடித்துச் சுவரில் சாய்த்தேன். "இனிமே என் வீட்டுக்குள்ள கால் வைக்காதே" என்றேன். அவன் திமிறவில்லை. சட்டைக் கையை மெதுவாக இறக்கிவிட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு போனான்.

பாப்பா பிழைத்துவிட்டாள். இடது கால் கொஞ்சம் இழுத்தது. பயிற்சி கொடுத்தால் சரியாகும் என்றார்கள், சரியாகிக்கொண்டும் வந்தது. வீடு திரும்பிய அன்று கீழ்வீட்டுக்காரி, "வேலியே பயிர மேஞ்ச கதையா போச்சே" என்று உச்சுக்கொட்டினாள். தன் பிள்ளையை அவன் மடியில் போட்டவள். "உங்க வேலையப் பாருங்க" என்று கத்திவிட்டு மேலே ஏறினேன். அவனைத் திட்ட எனக்கு உரிமை இருக்கிறது, அவளுக்கு என்ன இருக்கிறது?

மச்சான் மருத்துவமனையிலேயே ஊழியர்கள் ஓய்வெடுக்கும் அறை ஒன்றில் தங்கிக்கொண்டான். அதுவும் சலவைக் கூடத்துக்குப் பக்கத்தில்தான். எழுந்தால் குழாய் விளக்கு, வேலை செய்தால் குழாய் விளக்கு, படுத்தால் குழாய் விளக்கு. மனைவி அவன் சட்டைகளைத் துவைத்து மடித்து, மறுபடி துவைத்து மறுபடி மடித்தாள். பாப்பா ஒரு துண்டை எடுத்துவந்து என் மடியில் போட்டு "யானை" என்பாள். எனக்கு மூட்டைகூட வரவில்லை.

என் கோபம் எனக்கே பாரமாகிவிட்டது. ஒருநாள் போய் அவனைப் பார்த்தேன். வெளிப்படிக்கட்டில், கை எட்டாத தூரத்தில் நின்றுகொண்டான்.

"ஹோட்டல்காரன் இன்னும் ஆள் எடுக்கலயாம். இத விட்டுட்டு வா. குடல் சுத்தமானதும் வீட்டுக்கு வந்துடலாம்."

"நான் விட்டா அடுத்து அந்த மடிக்கிற அக்காவத்தான் இந்தப் பக்கம் நிறுத்துவாங்க அத்தான். வேற ஆளே இல்ல. அவங்க ரத்தம் புது வகையப் பிடிக்கல, நானே பாத்தேன். வீட்ல ரெண்டு பிள்ளைங்க."

"அப்ப இங்கேயே கிடக்கப் போறியா?"

"இங்க இருந்தா எனக்கு வந்துட்டேதான் இருக்கும். ஒவ்வொரு தடவையும் எத்தனை வாரம் வெளிய போகும்னு யாருக்குத் தெரியும்? வீட்டுக்கும் வரமுடியாது." தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "பாப்பாவுக்கு ஒரு ஷூ பாத்து வச்சிருக்கேன். கால் இழுக்காம இருக்குமாம்."

இருதலைக்கொள்ளி எறும்பு என்று படித்திருக்கிறேன். அன்று அதை நேரில் பார்த்தேன்.

வழி ஒன்று பிறகு திறந்தது. குணமான குழந்தைகளின் ரத்தத்தை மேடம் சோதித்துக்கொண்டிருந்தார், பாப்பாவுடையதையும் சேர்த்து. அவள் ரத்தம் இப்போது இந்த வருடத்து வகையைத் தடுக்கிறதா, குளிர்பெட்டியில் இருக்கிற மற்ற வகைகளையும் தடுக்கிறதா என்று. தடுத்தால் அவன் வேலையையும் விட வேண்டாம், வீட்டையும் விட வேண்டாம். எதைச் சுமந்துகொண்டு வந்தாலும் அவளை அது ஒன்றும் செய்யாது. என் மனைவி இதை என்னைவிட முன்னால் கணக்குப்போட்டு வைத்திருந்தாள். மேடத்திடமிருந்து போன் வரும்வரை அவள் தையல் மிஷினைத் தொடவே இல்லை.

முடிவு வந்தது. இரண்டு தடவை, இரண்டு வேறு வகை வந்து போனதில் அவள் ரத்தம் விரிந்துகொடுத்திருக்கிறது. ஒன்று இரண்டை லேசாகத் தடுக்கிறது, மற்றதையெல்லாம் நன்றாகவே தடுக்கிறது. "அவங்க மாமா அளவுக்கு இல்ல. ஆனா அந்த வழியிலதான் போறா" என்றார் மேடம். மனைவி போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து பாப்பாவுக்குப் புதுச்சட்டை போட்டாள். மூன்று பேரும் கிளம்பினோம். அவர்களை மேலே வரவேற்புக் கூடத்தில் உட்காரவைத்துவிட்டு நான் கீழே இறங்கினேன்.

எனக்குச் சுத்தப் பக்கம்தான் அனுமதி. மடிக்கிற அக்கா மேசையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஒரு கண்ணாடி, அதன் பக்கத்தில் இன்டர்காம். பொத்தானை அமுக்கினேன். அந்தப் பக்கம் முகமூடியும் நீண்ட கையுறையும் போட்ட உருவம் ஒன்று தனி வார்டுத் துணி அடைத்த சிவப்புப் பைகளுக்கு நடுவிலிருந்து நிமிர்ந்து பார்த்தது.

"கிளம்பு மச்சான். பாப்பா ரத்தம் எல்லாத்தையும் தடுக்குதாம். மேடமே சொல்லிட்டாங்க. நீ வேலைய விட வேணாம். குளிச்சுட்டு மேல வா, அவ வந்திருக்கா."

அவன் ஓடிவந்தான். கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டான். முகமூடிக்கு மேலே கண் சிரிப்பதும் கலங்குவதும் தெரிந்தது.

"புது வகையுமா?"

"எல்லாந்தான்."

"நடக்கறாளா?"

"நடக்கறா. லேசா இழுக்குது, ஆனா நடக்கறா. வா, வந்து பாரு."

கையுறையைக் கழற்றத் தொடங்கினான். ஒன்றைக் கழற்றிவிட்டான். இரண்டாவதில் பாதியில் நின்றான்.

"குடலப் பத்தி ஏதாவது சொன்னாங்களா அத்தான்?"

"என்ன குடல்?"

"அவ குடல்ல தங்காதுன்னு சொன்னாங்களா?"

மேடம் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"காப்பகம் திறந்தாச்சுல்ல? அவ போறாளா?"

"போறா."

"அங்க கைக்குழந்தைங்களும் இருக்கும்ல."

எனக்குப் பொறுமை போய்விட்டது. இத்தனை நாள் அடைந்து கிடந்தது, மனைவியின் அழுகை, அந்த வெறும் பாய், எல்லாம் சேர்ந்துகொண்டது. பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு கத்தினேன். "ஊர்ல எத்தனை பிள்ளைங்க இருந்தா நமக்கென்னடா? நம்ம பிள்ளைக்கு ஒன்னும் ஆகாதுல்ல, அது போதும்."

பக்கத்தில் போர்வை மடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "எனக்கும் அது போதும்னுதான் இருந்துச்சு அத்தான்" என்றான். "எனக்கு ஒன்னும் ஆகாதுல்லன்னு."

கழற்றிய கையுறையை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டான். "எங்க அக்காவுக்கு நான் அப்புறமா போன் பண்றேன்னு சொல்லுங்க" என்றான். பிறகு ஒரு பையை இழுத்துவந்து இயந்திரத்துக்குள் கவிழ்த்துக் கதவைச் சாத்தினான்.

நான் படியேறினேன். வரவேற்புக் கூடத்தில் மனைவி படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். பாப்பா பக்கத்து நாற்காலியில் ஒரு தாயின் மடியில் இருந்த கைக்குழந்தையின் காலோடு விளையாடிக்கொண்டிருந்தாள். அதன் குட்டி விரலை ஒவ்வொன்றாகப் பிடித்து ஆட்ட, அது சிரித்தது. அந்தத் தாயும் சிரித்தாள்.

என்ன செய்கிறேன் என்று தெரிவதற்குள் பாப்பாவின் கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். கொஞ்சம் பலமாகவே இழுத்துவிட்டேன்போல. அந்தத் தாய் முகம் சுருங்கிப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். பாப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, "ஏம்ப்பா?" என்றாள். "தம்பி எங்கங்க?" என்றாள் மனைவி. இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.